பீறு

ஹட்டன், தொழில் நியாயசபை.
காலை பத்தே கால். வெளியே பனிமூட்டம்
பஸ் நிலையத்தைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டது.
உள்ளே நான் உரைபெயர்ப்பாளன்.
தமிழைச் சிங்களமாக்குவேன்,
சிங்களத்தைத் தமிழாக்குவேன்,
இருமலை அப்படியே விட்டுவிடுவேன்.

குற்றப்பத்திரம் சொல்கிறது:
ஏழாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில்,
பூங்காவனம் எனும் தொழிலாளி
உத்தியோகத்தரை நோக்கி ஆவேசமாகக் கத்தினார்.

பூங்காவனம் சொல்கிறாள்:
"கத்தலீங்க. பீறிருச்சு."

தலைவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார்.
தட்டச்சு இயந்திரத்தின் மேல்
தில்ருக்ஷியின் பத்து விரலும் அந்தரத்தில்,
ஒரே ஒரு சொல்லுக்காக.

எனக்குத் தெரிந்த பீறு துணியில் பிறந்தது.
நகத்தால் பீறுவதும் உண்டாம் அகராதியில்.
எங்கள் லயத்தில் அதற்கு ஆளே தேவையில்லை.
இடுப்பில் கட்டிய படங்கு
தேயிலை வாதில் உரசி உரசி
ஏதோ ஒரு மழைநாளில் தானாக வாய் திறக்கும்.
அதற்குப் பெயர் பீறல்.
அந்த வாயோடு ஓர் 'இடு' வந்து ஒட்டியதும்
துணியை விட்டு உடம்புக்குள் இறங்கியது சொல்:
ரத்தம் பீறிடும். கேவல் பீறிடும்.
பிள்ளை முலையை விட்ட நொடியில்
பால் பீறிட்டுச் சுவரில் தெறிக்கும்.
(நாங்கள் குளித்த பீலியும் இதே குடும்பமென்று
நெடுநாள் நம்பியிருந்தேன். இல்லையாம்.
எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.)

அன்று அவள் கொழுந்து இருபத்தொரு கிலோ.
தராசு முள் பார்த்திருக்கிறது.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
எதற்கென்று சொல்லாமல் இன்னொன்று.
பதினேழு. பதினெட்டு இருந்தால்தான் முழுப்பேர்.
அரைப்பேர் என்று எழுதக் குனிந்தார்
கணக்கப்பிள்ளை சவரிமுத்து.
குனிந்த இடத்தில் அவர் காற்சட்டை
பின்தையலில் பீறியது,
கீழ்க்கணக்கு வரைக்கும் கேட்கிற மாதிரி.

முதல் சாட்சி, லெட்சுமாயி:
"சிரிச்சாங்க ஐயா. நாங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டோம்.
அவங்களால முடியல."

இரண்டாம் சாட்சி, சாக்குத் தூக்கும் இருதயநாதன்:
"அழுதிச்சுங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"எந்த இடத்தில் சிரிப்பு அழுகையானது?"
கேட்பவர் கம்பனி வக்கீல்.
சாட்சிகள் இருவரும் கூரையைப் பார்க்கிறார்கள்,
அங்கே யாரோ குறித்து வைத்திருப்பதுபோல.

பீறியது என்றால்
திறந்துகொண்டது என்பது மட்டும்தான்.
வெளிப்பட்டது எது என்று
அந்தச் சொல்லைக் கேட்டால் அது சொல்லாது.
சிங்களத்தில் என் கைக்கு அகப்பட்டதிலெல்லாம்
வெடிமருந்து வாசம் அடித்தது.
அதை எடுத்துக் கொடுத்தால்
அவள் வேலை போய்விடும்.
ஆங்கிலத்தைத் தொடவே இல்லை.

"ஒரு சத்தம் வந்தது," என்றேன்.
தில்ருக்ஷியின் விரல்கள் இறங்கின.
வக்கீல் உட்கார்ந்தார்.
சவரிமுத்து, புதுக் காற்சட்டையில்,
சுவரோடு முதுகு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

தேநீர் இடைவேளை. தாழ்வாரத்தில்
செருப்பின் சேற்றைப் படியில் தேய்த்தபடி
பூங்காவனம் கேட்டாள்:
"என்னான்னு எழுதுனாங்க?"
சொன்னேன்.
"வந்துச்சாமா?"
கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தாள்.
"வரலீங்க. போயிருச்சு.
அன்னைக்கு ராவு, எத்தன வருசத்துக்கப்புறமோ,
விடிய விடியத் தூங்கினேன்.
அதையும் எழுதச் சொல்லுங்க."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.
தாளின் ஓரத்தில் திருத்தத்துக்கென்று
அரை அங்குலம் விட்டிருக்கிறார்கள்.
நான் இன்னும் தில்ருக்ஷியிடம் போகவில்லை.